150 லிட்டர், நான்கு பேர், 5 நாள்: ட்ரெய்லர் முகாமில் தண்ணீர்க் கணக்கு

கேள்வி: வண்டியின் பின்னால் பூட்டி இழுத்துச் சென்று தங்கும் எங்கள் ட்ரெய்லரின் நன்னீர்த் தொட்டி 150 லிட்டர் கொள்ளும். குழாய் இணைப்பு இல்லாத முகாமிடத்தில் நாங்கள் நால்வர் தங்கியபோது இரண்டாம் நாள் இரவே தொட்டி வற்றிவிட்டது. இடையில் நிரப்பாமல் 5 நாள் தங்க வழி உண்டா? பெரிய தொட்டி பொருத்துவதுதான் தீர்வா?

பதில்: வழி உண்டு, ஆனால் நாள்தோறும் ஷவரில் குளிப்பது அதில் அடங்காது. இதை முதலிலேயே ஏற்றுக்கொண்டால் மற்றவை எளிது. நீங்கள் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 18 லிட்டர் செலவழித்திருக்கிறீர்கள். 5 நாளுக்கு அதே தண்ணீர் வர வேண்டுமானால் ஆளுக்கு 7 லிட்டர்தான் கிடைக்கும். 150 லிட்டரும் குழாயில் வந்துவிடாது என்பதால் 140 லிட்டரையே கணக்கில் எடுத்துக்கொள்கிறேன். தொட்டியின் வெளியேற்றுத் துளை அடிமட்டத்துக்குச் சற்று மேலே இருப்பதும் உண்டு. வண்டி சாய்வாக நின்றால், அடியில் தண்ணீர் மிச்சமிருக்கும்போதே பம்ப் காற்றை இழுக்கத் தொடங்கிவிடும். ஆகவே வண்டியைச் சமமாக நிறுத்துவதே முதல் சிக்கனம்.

பெரிய தொட்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. கூடுதலாகச் சேர்க்கும் 100 லிட்டர், உங்கள் வண்டி ஏற்றக்கூடிய சுமையில் 100 கிலோவைத் தின்றுவிடும். தொட்டி சக்கர அச்சுக்குப் பின்னால் அமைந்தால் இணைப்புக் கொக்கியின் மீதான அழுத்தம் குறைந்து, ஓடும்போது ட்ரெய்லர் பக்கவாட்டில் ஆடும் வாய்ப்பும் கூடுகிறது. மேலும், கழுவுநீரைச் சேர்க்கும் தொட்டி பழைய அளவிலேயே இருக்கும். நன்னீர் தீரும் முன்பே அது நிரம்பிவிட்டால் பெரிய நன்னீர்த் தொட்டியால் பயனில்லை.

அதற்குப் பதிலாக, குடிநீரைத் தொட்டிக் கணக்கிலிருந்து முழுவதுமாகப் பிரித்துவிடுங்கள். ஆளுக்கு 2 லிட்டர் என்று வைத்தால் நால்வருக்கு 5 நாளில் 40 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன்கள் இரண்டு. வெயில் கடுமையாக இருந்தாலோ நிறைய நடப்பீர்கள் என்றாலோ இன்னொரு கேன் சேர்த்துக்கொள்ளுங்கள். குடிப்பதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. தொட்டித் தண்ணீர் கெட்டாலும் குழாய் கசிந்து வீணானாலும் குடிநீருக்கு ஆபத்து வராது என்பது இந்த ஏற்பாட்டின் மற்றொரு நன்மை.

இனி, தொட்டியிலிருந்து நாளுக்கு 28 லிட்டர். சமையலுக்கு 4, பாத்திரம் கழுவ 6, கை, முகம், பல் ஆகியவற்றுக்கு 6, கழிப்பறைக்கு 8 என்று ஒதுக்கினால் 24 ஆகிறது. மிஞ்சும் 4 லிட்டரை 5 நாள் சேர்த்தால் 20 லிட்டர். மூன்றாம் நாள் ஆளுக்கு 5 லிட்டரில் ஒரு குளியல். மற்ற நாள்களில் ஈரத்துணியால் உடலைத் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

தண்ணீர் பெரும்பாலும் வீணாவது நாம் பயன்படுத்தும்போது அன்று, திறந்த குழாய் சும்மா ஓடும்போதுதான். ட்ரெய்லர்களில் உள்ள 12 வோல்ட் பம்ப் பொதுவாக நிமிடத்துக்குச் சுமார் 10 லிட்டர் தள்ளக்கூடியது. உங்கள் குழாயில் எவ்வளவு வருகிறது என்பதை ஓர் அளவுப் பாத்திரமும் கடிகாரமும் வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். நிமிடத்துக்கு 6 லிட்டர்தான் என்றாலும், பல் துலக்கும் இரண்டு நிமிடம் குழாயைத் திறந்து விடும் ஒருவர் 12 லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்புகிறார். குவளையில் பிடித்தால் கால் லிட்டர் போதும். குளியலிலும் இதே கதைதான்: நனைத்ததும் நிறுத்தி, சோப்புப் போட்டு முடித்த பின்பே மீண்டும் திறந்தால், மொத்தமாக ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே தண்ணீர் ஓடும். கைப்பிடியிலேயே நிறுத்தும் பொத்தான் உள்ள ஷவர் இதற்கு ஏற்றது. ஆனால் பல பொத்தான்கள் ஓட்டத்தை முழுவதும் அடைக்காமல் சொட்டவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

வெந்நீர் வரும் வரை ஓடும் குளிர்ந்த நீரை ஒரு வாளியில் பிடித்து வையுங்கள். அது சுத்தமான தண்ணீர், சமையலுக்கும் ஆகும். ஹீட்டரைப் பற்றி இன்னொன்று, பலர் தவறவிடுவது: சேமிப்பு வகை ஹீட்டர் 20 லிட்டருக்கும் மேல் கொள்ளக்கூடும். அது காலியாக இருக்கும் நிலையில் தொட்டியை நிரப்பிக்கொண்டு புறப்பட்டால், முகாமில் பம்பை இயக்கியதும் அவ்வளவு தண்ணீரும் முதலில் அதற்குள் போய்விடும். உங்கள் முதல் நாள் கணக்கிலும் இது புகுந்திருக்கலாம். வீட்டிலேயே பம்பை இயக்கி ஹீட்டரையும் குழாய்களையும் நிரப்பிவிட்டு, பிறகு தொட்டியை மேல்மட்டம் வரை நிரப்புங்கள்.

பாத்திரங்களைக் கழுவும் முன் காகிதத்தால் துடைத்துவிட்டால் வேலை பாதியாகக் குறையும். ஒரு சிறு தொட்டியில் சோப்புத் தண்ணீர், அலச இன்னொன்று, கடைசியில் தெளிப்புக் குப்பியால் ஒரு தெளிப்பு என்று செய்தால் நாளைக்கு 6 லிட்டர் போதும்.

கழிப்பறையில் மட்டும் மிகையான சிக்கனம் கூடாது. கழிவுத் தொட்டியில் தண்ணீர் போதாவிட்டால் திடக்கழிவு குழாய்க்கு நேர்கீழே குவிந்து இறுகிவிடும். பின்னர் அதைக் கரைக்கச் செலவாகும் தண்ணீர், சேமித்ததைவிட அதிகம். புறப்படும் முன்பே அதில் சில லிட்டர் ஊற்றிவையுங்கள். சிறுநீர் கழித்த பின் ஊற்றுவதற்குப் பாத்திரம் அலசிய நீரைப் பயன்படுத்தலாம். மேலே சொன்ன 8 லிட்டர் ஒதுக்கீடு அதை நம்பித்தான். கை கழுவுவதையும் குறைக்காதீர்கள்.

சுவரில் உள்ள அளவுகாட்டியை நம்பித் திட்டமிட வேண்டாம். பல வண்டிகளில் அது மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கில்தான் காட்டும். உணரிகளில் படிவு சேர்ந்தால் அதுவும் பொய்யாகும். பம்ப் சொல்வது நம்பகமானது: எல்லாக் குழாய்களையும் மூடிய பிறகும் அது அவ்வப்போது தானாக ஓடினால் எங்கோ கசிகிறது என்று பொருள். நொடிக்கு ஒரு சொட்டு வீதம் கசிந்தால் ஒரு நாளில் 20 லிட்டர் போகக்கூடும். உங்கள் ஒரு நாள் ஒதுக்கீட்டில் அது முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. உறங்கும்போதும் வெளியே செல்லும்போதும் பம்பின் மின்விசையை அணைத்துவிடுங்கள்.

தண்ணீர் நிரப்புவதற்கென்றே குடிநீர்த் தரமுள்ள ஹோஸ் தனியாக இருக்க வேண்டும். கழிவுத் தொட்டியை அலசும் ஹோஸுடன் அதை ஒரே பெட்டியில் வைக்கவும் கூடாது. நீண்ட நாள் நின்ற வண்டியாக இருந்தால், வடிகட்டியைக் கழற்றிவிட்டு, 5 முதல் 6 சதவீதச் செறிவுள்ள, மணம் சேர்க்காத வீட்டு பிளீச்சை லிட்டருக்கு ஒரு மில்லிலிட்டர் வீதம், உங்கள் தொட்டிக்கு 150 மில்லி, தண்ணீரில் கலந்து நிரப்புங்கள். ஒவ்வொரு குழாயிலும் அதன் வாடை வரும்வரை ஓடவிட்டு, குறைந்தது 4 மணி நேரம் விட்டுவைத்து, வடித்து, வாடை போகும்வரை நல்ல தண்ணீரால் அலச வேண்டும். ஓடை நீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். வேறு வழியின்றி அதைக் குடிக்க நேர்ந்தால் நன்றாகக் கொதித்த பிறகு ஒரு நிமிடமும், 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் மூன்று நிமிடமும் கொதிக்கவிடுங்கள். இது கிருமிகளைக் கொல்லுமே தவிர, ரசாயனக் கலப்பை நீக்காது.

கழுவுநீர்த் தொட்டியின் அளவை நீங்கள் குறிப்பிடவில்லை. மேலே சொன்ன திட்டத்தில் குளியலையும் சேர்த்து அதில் 80 லிட்டர் வரை சேரும். உங்களுடையது அதைவிடச் சிறியதாக இருந்தால், கழிப்பறைக்குத் திருப்பும் அலசல் நீரின் அளவைக் கூட்டுங்கள். அல்லது எடுத்துச் சென்று கொட்டுவதற்கான சக்கரம் வைத்த தொட்டி ஒன்றை வாங்குங்கள். தரையில் திறந்துவிடுவது பல முகாமிடங்களில் தடைசெய்யப்பட்டது.