முட்டைக்கோழித் தீவனத்தில் செம்பனைப் புண்ணாக்கு கலக்கலாமா?

புக்கிட் மெர்தாஜாமில் வீட்டுக்குப் பின்னால் முட்டைக்கோழி வளர்க்கிறீர்கள், லேயர் தீவனம் கட்டுப்படியாகவில்லை, செம்பனைப் புண்ணாக்கைக் கலக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கலக்கலாம், ஆனால் கொஞ்சமாக.

மலேசியாவில் தீவன மக்காச்சோளம் பெரும்பாலும் இறக்குமதிதான்; ரிங்கிட் சரிந்தால் மூட்டை விலை ஏறும். செம்பனைப் புண்ணாக்கோ, அதாவது செம்பனைக் கொட்டைப் பருப்பில் எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் சக்கை, உள்ளூர்ச் சரக்கு. புரதம் 14 முதல் 18 விழுக்காடு, மக்காச்சோளத்தில் 8, 9 தான். இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். அந்தப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. நார்ச்சத்து அதிகம், அதிலும் பெரும்பகுதி மேனன் என்ற நார்வகை. மாட்டுக்கு அது செரித்துவிடும். கோழிக்கு அதை உடைக்கும் நொதி கிடையாது. நொதியை வாங்கிச் சேர்க்கும் பெரிய பண்ணைகள் கூடுதலாகப் போடலாம். நீங்கள் மொத்தத் தீவனத்தில் 5 விழுக்காட்டில் தொடங்கி 10-இல் நிறுத்திக்கொள்ளுங்கள். கொட்டை ஓட்டுத் துண்டுகள் இருக்கும், சலித்துவிடுங்கள். பூஞ்சை வாடை அடித்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

லைசினை ஈடுகட்ட சோயாப் புண்ணாக்கு போதும். நெத்திலித் தலை நல்ல சரக்குதான், உப்பு போக ஊறவைக்க வேண்டும். தௌஃபூ சக்கை சீக்கிரம் புளித்துவிடும், அன்றே தீர்த்துவிடுங்கள்.

அப்புறம் ஒன்று, பலர் மறப்பது: லேயர் தீவனத்தில் கால்சியம் 3.5 முதல் 4 விழுக்காடு. வேறு எதைக் கலந்தாலும் அது நீர்த்துப்போய் முட்டை ஓடு மெலியும். கெராங் (கடல் சிப்பி) ஓட்டை நன்றாகக் கழுவி, காயவைத்து, நொறுக்கித் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வேண்டியதைக் கோழியே கொத்திக்கொள்ளும். மஞ்சள் கரு வெளுத்தால் முருங்கைக்கீரை போடலாம்.