நியூஸ் கார்டுக்குப் பின்னால் இருக்க வேண்டியது

அன்புள்ள ஐயா,

பல ஆண்டுகளாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்த நாளிதழை நிறுத்திவிட்டோம். செய்தியெல்லாம் குடும்ப வாட்ஸப் குழுவிலேயே நியூஸ் கார்டாக வந்துவிடுகிறது, பிறகு எதற்குப் பேப்பர் என்று மகன் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஆனாலும் எதையோ இழந்துவிட்டதாகவே தோன்றுகிறது. இது வயதானவர்களின் பழக்கதோஷம்தானா?

– ஒரு வாசகர், கும்பகோணம்

அன்புள்ள நண்பருக்கு,

பழக்கதோஷம் என்று நான் நினைக்கவில்லை. காகிதத்திலிருந்து செல்பேசிக்கு வந்ததை நான் இழப்பாகக் கருதுவதில்லை. நானும் செல்பேசியில்தான் படிக்கிறேன். ஆனால், செய்தி வெளியாகும் இடத்துக்குச் சென்று படித்துக்கொண்டிருந்த நாம், யாரோ அனுப்பும் படத்தைப் பார்த்துவிட்டுச் செய்தி தெரிந்துவிட்டது என்று நிறைவடையத் தொடங்கியிருப்பது எனக்கு மிகுந்த கவலையைத் தருகிறது.

உங்கள் குழுவில் வந்த ஏதாவது ஒரு கார்டை எடுத்துப் பாருங்கள். ஒரு தலைவரின் படம், அவர் சொன்னதாகப் பெரிய எழுத்தில் இரண்டு வரி, ஓரத்தில் ஒரு தொலைக்காட்சியின் சின்னம், கீழே பொடி எழுத்தில் தேதி. எந்தக் கூட்டத்தில், எந்தக் கேள்விக்குப் பதிலாக அவர் அதைச் சொன்னார் என்பதற்கெல்லாம் அதில் இடமே இல்லை. படமாகவே கைமாறுவதால், தொட்டால் முழுச் செய்திக்குப் போகும் வழியும் கிடையாது. அதே நிறத்தையும் சின்னத்தையும் வைத்துக்கொண்டு அந்த இரண்டு வரியை மட்டும் மாற்றிப் போலிக் கார்டு தயாரிக்கச் சில நிமிடங்கள் போதும். தேர்தல் நேரத்தில், தங்கள் பெயரில் சுற்றும் போலிக் கார்டின் மீது ‘பொய்ச் செய்தி’ என்று சிவப்பு முத்திரையிட்டுச் சேனல்கள் மறுப்பு வெளியிடுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த மறுப்பு, சேனலின் பக்கத்தைப் பின்தொடர்பவர்களுக்குப் போகிறது. போலிக் கார்டு எந்தெந்தக் குடும்பக் குழுக்களுக்குப் போயிற்று என்பதைச் சேனலால் அறியவே முடியாது. நாளிதழில் பிழை நேர்ந்தால் அதன் திருத்தம், உள்பக்கத்தில் ஒரு மூலையில் வந்தாலும், பிழை போன அதே வீட்டு வாசலுக்குத்தான் வந்து விழுந்தது. நீங்கள் இழந்ததாக உணர்வது இதைத்தான் என்பது என் எண்ணம்.

இதைச் சிறிய விஷயமாக எண்ண என்னால் முடியவில்லை. 2018 மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், கோயிலுக்கு வந்த ஒரு குடும்பத்தைப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று நம்பி ஊரார் தாக்கியதில், சென்னையைச் சேர்ந்த 65 வயதுப் பெண்மணி உயிரிழந்தார். குழந்தைக் கடத்தல் வதந்தி அப்போது வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. இத்தகைய கொலைகள் நாட்டின் பல பகுதிகளில் நடந்த பிறகு, அவ்வாண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸப் கட்டுப்பாட்டை அறிவித்தது. 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டும் என்று சுருக்கியது. அப்படியும் 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகத் தொடர்பில்லாத காணொளிகள் பரவி, காவல்துறைத் தலைவரே மறுப்புச் சொல்லவும், பீகார் அரசு ஒரு குழுவை இங்கே அனுப்பவும் நேர்ந்தது.

வாசகரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. முழுச் செய்தி இல்லாமலே கார்டு போதும் என்று நம்மைப் பழக்கியவை ஊடகங்கள்தாம். உண்மையில், திருத்தம் செய்வதற்கு அச்சைவிட இணையம் சிறந்த இடம்: பிழை இருந்த அதே பக்கத்தில், எது எப்போது மாற்றப்பட்டது என்று எழுதிவிட்டால், பிறகு வரும் ஒவ்வொரு வாசகரும் அதைப் பார்ப்பார். அதைச் செய்யாமல், ஓசையின்றி வரியை மாற்றிவிட்டுப் போகும் தளங்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

பேப்பரை மறுபடி வரவழைக்கச் சொல்லி நீங்கள் மகனிடம் வாதாட வேண்டியதில்லை. இருவரும் சேர்ந்து, நம்பத்தக்கது என்று கருதும் ஓர் இதழின் இணையச் சந்தாவைக் கட்டுங்கள். குழுவில் கார்டு வரும்போது, அனுப்பியவரிடம் முழுச் செய்தியின் இணைப்பைக் கேளுங்கள். மருமகனோ சம்பந்தியோ என்று தயங்க வேண்டாம். இணைப்பு வரும்வரை அந்தக் கார்டை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.