மாத்திரை அட்டையை எண்ணிய பாட்டி

அன்புள்ள ஐயா,

என் பாட்டி (அம்மாவின் அம்மா) சென்ற ஆண்டு காலமானார். ஜி.ஹெச்.சில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆனவர். அதற்கு முன், 1961 வாக்கில், சேத்துப்பட்டு டி.பி. சென்டரில் சில வருஷம் இருந்தார் என்று மட்டும் தெரியும். பேரப்பிள்ளைகள் எல்லோரையும் வளர்த்தது அவர்தான். முதலாம் ஆண்டு நினைவுக்கு ஒரு சின்ன மலர் போடுகிறோம். எழுத உட்கார்ந்தால் 'பாசமே உருவானவர்' என்பதைத் தாண்டிப் பேனா நகரவில்லை. ஆஸ்பத்திரிக் கதை எதையும் அவர் வீட்டில் சொன்னதில்லை. ஞாபகத்தில் இருப்பதெல்லாம் சில்லறை விஷயங்கள். யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவார். கண் சுவர்க்கடிகாரத்தில் இருக்கும். தாத்தாவின் பிரஷர் மாத்திரை அட்டையை அவருக்குத் தெரியாமல் எடுத்து எண்ணுவார். மாட்டிக்கொண்டால் சண்டைதான். இதையெல்லாம் எழுதலாமா? எந்தப் படத்தைப் போடுவது?

எஸ்., அயனாவரம்

அன்புள்ள எஸ்.,

இதைத்தான் எழுத வேண்டும். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாரே, அது நாடி எண்ணுவது. கொஞ்சலும் இருந்திருக்கும், கூடவே எண்ணிக்கையும் ஓடியிருக்கும்.

நம் ஊர்ச் சுவர்களில் ஒட்டுகிற கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களைப் பாருங்கள். ஆண் என்றால் பெயருக்குக் கீழே 'மின்வாரியம், ஓய்வு' என்று ஒரு வரி இருக்கும். முப்பது வருஷம் நைட் டியூட்டி பார்த்த பெண்ணுக்கு அந்த வரி பெரும்பாலும் கிடைப்பதில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார், பிறகு பேரன் பேத்திகளின் பட்டியல்.

மாத்திரை அட்டைக்கு வருகிறேன். சேத்துப்பட்டு சென்டர் 1956இல் தொடங்கியது. அன்றைக்கு டி.பி. என்றால் சானடோரியம் என்கிற தனி ஆஸ்பத்திரி, நல்ல காற்று, முட்டை, பால், மாதக்கணக்கில் படுக்கை. சென்னையில் ஒற்றை அறையில் ஏழு பேர் படுக்கிற குடும்பத்துக்கு இதில் எது கட்டுபடியாகும்? வீட்டிலேயே மருந்து கொடுத்தால் போதாதா என்று பார்க்க, அந்த சென்டரில் 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்கு. மறு பாதி அவரவர் வீட்டிலேயே. இரு சாராருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். 1959இல் முடிவு வெளியானபோது, வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குத் தேறியிருந்தார்கள். அவர்களோடு ஒரே கூரைக்குக் கீழே இருந்தவர்களுக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் சானடோரியங்களை விட்டு விலகியதில் இந்த ஊர்க்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் மருந்து வீட்டில் இருக்கிறது என்பதற்காக வயிற்றுக்குள் போய்விடுமா? பி.ஏ.எஸ். என்ற அந்த மருந்தைக் கிராம் கணக்கில் விழுங்க வேண்டும், குமட்டும். இருமல் நின்றதும் தூக்கிப் போடத்தான் மனசு வரும். அதனால் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்ச மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீர் வாங்கிச் சோதித்தார்கள். அதே நோயாளிகளையும் குடும்பத்தாரையும் ஐந்து வருஷம் விடாமல் கவனித்தார்கள். உங்கள் பாட்டி அங்கே இருந்த காலம் இந்த ஐந்து வருஷத்துக்குள் வருகிறது. உங்கள் தாத்தா சண்டை போட்டது யாரோடு என்று இப்போது புரிகிறதா?

உடனே 'பாட்டி உலக மருத்துவத்தை மாற்றினார்' என்று எழுதிவிடாதீர்கள். அவர் அங்கே வார்டிலா, கிளினிக்கிலா, வீடு வீடாகப் போகிற வேலையிலா என்பதே நமக்கு இன்னும் தெரியாது. பீரோவில் பென்ஷன் காகிதங்களோடு பணிப்பதிவேட்டின் நகல் இருந்தால் சேர்ந்த தேதி, மாறுதல், எல்லாம் அதில் இருக்கும். கூட வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால், கால்வலி, பேரன் கல்யாணம் எல்லாம் பேசி முடியட்டும், அப்புறம் ஒன்றைக் கேளுங்கள். அந்த நாளில் வெள்ளை உடுப்பில் ஒரு நர்ஸ் சந்துக்குள் நுழைந்தால் எந்த வீட்டுக்கு என்று தெருவே பார்க்கும். அந்த வீட்டுப் பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் காதுக்கும் அது போய்விடும். இதை எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேளுங்கள். அந்தப் பதில் ஒன்றே மலருக்கு இரண்டு பக்கம் தேறும்.

படம்: அறுபதாம் கல்யாணப் படத்தைத்தான் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். தொப்பியும் யூனிஃபார்முமாக ஒன்று கிடைத்தால், மங்கலாக இருந்தாலும், அதையே அட்டையில் போடுங்கள். பெயருக்குக் கீழே 'ஸ்டாஃப் நர்ஸ், ஓய்வு' என்று ஒரு வரி சேர்க்க மறக்காதீர்கள்.