நாடாளுமன்றத்தில் பெயர் வந்தால் ஆள் வந்துவிடுவாரா?

கேள்வி: என் கணவர் சவுதியில் அல் ஹசா பக்கம் டிரைவராக இருக்கிறார். போய் ஒன்றரை வருடம் ஆகிறது. ஏழு மாதமாகச் சம்பளம் இல்லை. இக்காமா (அங்கே தங்கும் அனுமதி) முடிந்துவிட்டது, பாஸ்போர்ட் கஃபீலிடம் (வேலைக்கு எடுத்த முதலாளியிடம்) இருக்கிறது. ஊருக்கு அனுப்பச் சொன்னால், ஓடிப்போனவர் என்று 'ஹுரூப்' போட்டுவிடுவேன் என்று மிரட்டுகிறாராம். அவரை அனுப்பிவைத்த ஏஜென்ட், "40,000 ரூபாய் கொடுங்கள். டெல்லியில் ஒரு எம்.பி.யை வைத்து உங்கள் கணவர் பெயரைச் சொல்லியே நாடாளுமன்றத்தில் கேள்வி போடுகிறேன். வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் பதில் சொன்னால் அடுத்த வாரம் டிக்கெட்" என்கிறார். அமைச்சர் முன்பு கொடுத்த பதில் என்று ஒரு தாளையும் காட்டினார். நகையை அடகு வைத்துக் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: அடகுக் கடைக்குப் போகாதீர்கள், சகோதரி. அந்த 40,000 ரூபாயால் உங்கள் கணவர் வர மாட்டார். வளைகுடாவில் சிக்கியவர்களின் வழக்குகளைப் பார்த்துவரும் வழக்கறிஞர் நான். இதே கதையைப் பல குடும்பங்கள் என்னிடம் சொல்லியிருக்கின்றன. ஆளை அனுப்பிச் சிக்கவைத்தவரே, மீட்டுத் தருகிறேன் என்று இரண்டாம் முறையும் கை நீட்டுகிறார். கேட்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

அவர் காட்டிய தாளை முதலில் பார்ப்போம். நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுக்கக்கூடிய தாள் அது. மேலே 'நட்சத்திரமிடாத கேள்வி' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் அமைச்சர் எழுந்து நின்று பேசிய பதில் இல்லை, எழுத்தில் மேசைமேல் வைத்த பதில். பதிலுக்கு மேலே இருப்பதும் பெரும்பாலும் இணை அமைச்சரின் பெயராகவே இருக்கும். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்விகள் 20, எழுத்துப் பதிலுக்கானவை 230 வரை. அந்த இருபதிலும் ஒரு மணி நேரத்துக்குள் வாய்மொழியாக எடுக்கப்படுபவை சிலதான். யார் கேள்வி முன்னால் வரும் என்பது குலுக்கலில் தெரியும். நோட்டீஸை 15 நாள் முன்னதாகவே கொடுக்க வேண்டும், கூட்டத்தொடர் நடந்தால்தான் அதுவும். அடுத்த வாரம் டிக்கெட் என்பது எந்தக் கணக்கில் வரும் என்று அவரையே கேளுங்கள்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். கேள்வி கேட்கக் காசு வாங்கினார்கள் என்று 2005 டிசம்பரில் 11 எம்.பி.க்களின் பதவியையே பறித்தார்கள். அதை 2007இல் உச்ச நீதிமன்றமும் சரி என்றது. ஆக, அந்த ஏஜென்ட் சொல்வது உண்மையாக இருந்தால் அது குற்றம், பொய்யாக இருந்தால் மோசடி. இரண்டில் எதுவானாலும் உங்கள் காசு போய்விடும்.

சரி, கேள்வி வந்து பதிலும் வந்தது என்றே வைத்துக்கொள்வோம். அதில் என்ன இருக்கும்? '(அ) முதல் (ஈ) வரை' என்று நாலு கேள்வியையும் ஒன்றாகக் கட்டி ஒரே பதில். நாடுவாரியாக ஒரு அட்டவணை. புகார் வரும்போதெல்லாம் தூதரகம் முதலாளியிடமும் உள்ளூர் அதிகாரிகளிடமும் எடுத்துச் செல்கிறது என்று ஒரு பத்தி. இந்தப் பதில்களை ஆண்டுக்கணக்கில் படித்து எனக்கு அலுத்துவிட்டது. 'தீர்க்கப்பட்ட புகார்கள்' என்ற கட்டத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்து நம்பிக்கை வைக்காதீர்கள். ஆள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அந்தக் கட்டத்துக்குள்தான் வரும், முதலாளி போனை எடுக்காததால் கோப்பை மூடியதும் அதற்குள்தான் வரும். எத்தனை பேருக்குச் சம்பளம் கைக்கு வந்தது என்று தனியாக ஒரு கட்டம் போட்டால் என்ன குறைந்துவிடும்?

தூதரகத்தின் கை எதுவரை நீளும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1963ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தப்படி, தூதரக அதிகாரி தன் நாட்டவருக்கு உதவலாம், காவலில் இருந்தால் போய்ப் பார்க்கலாம், வக்கீல் ஏற்பாடு செய்யலாம். ஆனால் அந்த நாட்டுச் சட்டத்தை அவரும் மதித்தாக வேண்டும். கஃபீலுக்கு உத்தரவு போட ரியாத்தில் இருக்கும் நம் தூதருக்கு அதிகாரம் கிடையாது, டெல்லியில் இருக்கும் அமைச்சருக்கும் கிடையாது. சவுதி அரசு அலுவலகத்தில் பதிவான புகாருக்குத்தான் கஃபீல் பதில் சொல்வார். அந்தப் புகாரைப் பதிய வைப்பதும், பின்னால் நின்று தள்ளுவதும்தான் தூதரக வேலை. ஆகவே உங்கள் முழுக் கவனமும் புகார்மேல் இருக்கட்டும்.

வெளியுறவு அமைச்சகம் 2015இல் தொடங்கிய 'மதத்' இணையதளத்தில் நீங்களே, இங்கிருந்தே புகார் போடலாம். கட்டணம் கிடையாது. அல் ஹசா ரியாத் தூதரகத்தின் எல்லைக்குள் வருகிறது. ஜித்தா துணைத் தூதரகத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் கோப்பு ஒரு சுற்று சுற்றிவரும்.

புகாரில் என்ன எழுதுவது என்பதில்தான் எல்லாரும் கோட்டைவிடுகிறார்கள். ஒரு அம்மா எனக்குக் காட்டிய புகார் மூன்று பக்கம். கல்யாணமான நாள், மகளின் படிப்பு, மாமியாரின் ஆபரேஷன், எல்லாம் இருந்தது. படித்தால் கண் கலங்கும். மகனின் இக்காமா எண் மட்டும் இல்லை. அந்தப் புகார் நான்கு மாதம் அசையவே இல்லை. எண்ணைச் சேர்த்து அரைப் பக்கத்தில் திருப்பி எழுதினோம், இரண்டு வாரத்தில் தூதரகத்திலிருந்து போன் வந்தது. அதனால் நீங்கள் எழுத வேண்டியது இவ்வளவுதான்: பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், பாஸ்போர்ட் எண், 2 என்று தொடங்கும் பத்து இலக்க இக்காமா எண், கஃபீலின் பெயரும் மொபைலும், எந்த மாதம் முதல் சம்பளம் இல்லை, மாதம் எத்தனை ரியால் பேச்சு. கணவரை வாட்ஸ்அப்பில் இருக்கும் இடத்தின் லொகேஷனை அனுப்பச் சொல்லி, அந்த இணைப்பையும் சேருங்கள். தோட்டத்து வீடுகளுக்குத் தெருப் பெயர் சொல்லி யாரும் கண்டுபிடிக்க முடியாது. கடைசியில், சம்பளமும் வேண்டும், ஊருக்கும் வர வேண்டும் என்று இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். வந்தால் போதும் என்று எழுதினால் சம்பளம் கோப்பிலிருந்தே காணாமல் போய்விடும்.

இப்போது ஒரு முக்கியமான விஷயம். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணவர் 'கம்பெனி டிரைவரா' 'ஹவுஸ் டிரைவரா'? ஏஜென்ட் என்ன சொன்னார் என்பது வேண்டாம். இக்காமாவில் தொழில் என்ற வரியில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். அரபி படிக்கத் தெரிந்த யாரிடமாவது காட்டச் சொல்லுங்கள். 'சாயிக் காஸ்' என்று இருந்தால் ஹவுஸ் டிரைவர்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? 2021 மார்ச்சில் சவுதி கொண்டுவந்த மாற்றத்தில், கஃபீல் சம்மதம் இல்லாமலே தொழிலாளி வேலை மாறலாம், சில நிபந்தனைகளோடு எக்ஸிட்டும், அதாவது நாட்டை விட்டு வெளியேறும் அனுமதியும், போடலாம் என்று வந்தது. அதைத்தான் யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் எல்லாரும் பரப்பினார்கள். ஆனால் வீட்டு டிரைவர், வீட்டு வேலையாள், வீட்டுக் காவலாளி, தோட்டக்காரர், ஆடு மேய்ப்பவர் ஆகியோருக்கு அது பொருந்தாது. நம் மாவட்டங்களிலிருந்து போகிறவர்களில் எத்தனையோ பேர் இந்த வேலைகளில்தான் இருக்கிறார்கள்! கம்பெனி ஆளின் ஒப்பந்தம் 'கிவா' தளத்தில் இருக்கும். வீட்டு ஆளின் ஒப்பந்தம் 'முசானெத்' தளத்தில் இருக்கும். விதிகளும் தனி. கம்பெனி டிரைவர் என்று நினைத்துக்கொண்டு புகார் எழுதினால், இது எங்கள் பிரிவு இல்லை என்ற பதில்தான் வரும். சம்பளம் கேட்க அவருக்கு உரிமை இல்லை என்று பொருள் இல்லை. வீட்டு டிரைவருக்கும் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும், இக்காமாவைப் புதுப்பிப்பதும் கஃபீலின் பொறுப்புதான். போகும் வழிதான் வேறு. கம்பெனி வேலை என்று சொல்லி ஹவுஸ் டிரைவர் விசாவில் அனுப்பியிருந்தால், அதையே புகாரின் முதல் வரியாக எழுதுங்கள்.

ஹுரூப் மிரட்டலுக்கு வருகிறேன். ஆள் ஓடிவிட்டார் என்று கஃபீல் அரசிடம் பதிவு செய்வதுதான் ஹுரூப். புகார் பதிவாவதற்கு முன்னால் உங்கள் கணவர் வீட்டை விட்டுக் கிளம்பினால், அந்தப் பொய்யை அவரே உண்மையாக்கிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதனால் புகார் எண் கைக்கு வரும்வரை அங்கேயே இருக்கட்டும். அடி, உதை, சாப்பாடு மறுப்பு என்று இருந்தால் இது பொருந்தாது, நேராகத் தூதரகத்துக்குப் போக வேண்டியதுதான். சவுதி அரசின் 'அப்ஷிர்' தளத்தில் இருக்கும் தன் கணக்கை அவர் தினமும் திறந்து, நிலை என்ன என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்களுக்கு அனுப்பட்டும். நாளைக்கு ஹுரூப் விழுந்தாலும், புகார் அதற்கு முன்பே போனது என்று காட்ட அந்தப் படங்கள் கைகொடுக்கும். வண்டி அபராதம் அவர் பெயரில் ஏறியிருக்கிறதா என்றும் அதிலேயே பார்க்கச் சொல்லுங்கள். அதைக் கட்டாமல் எக்ஸிட் அடிக்காது.

கஃபீல் திடீரென்று நல்லவராகி, 'டிக்கெட் போடுகிறேன், இதில் கையெழுத்துப் போடு' என்று அரபியில் ஒரு தாளை நீட்டினால் உஷாராக இருக்க வேண்டும். எல்லாச் சம்பளத்தையும் பெற்றுக்கொண்டேன் என்றுதான் பெரும்பாலும் அதில் இருக்கும். போட்டோ எடுத்துத் தூதரகத்துக்கு அனுப்பிப் படித்துச் சொல்லச் சொல்லிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். நீங்களும் அப்படித்தான். 'அத்தாட்சிக் கடிதம்' என்று ஏஜென்ட் வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் கொடுக்காதீர்கள். ஒரு குடும்பத்தில் அந்த வெற்றுத் தாளே பின்னால் 'ஏஜென்ட் மேல் எங்களுக்குப் புகார் எதுவும் இல்லை' என்ற கடிதமாக வந்து நின்றதைக் கண்ணால் பார்த்தேன்.

பாஸ்போர்ட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அது இந்திய அரசின் சொத்து என்று நம் பாஸ்போர்ட் சட்டமே சொல்கிறது. கஃபீல் தரவே இல்லையென்றால் தூதரகம் ஊர் திரும்ப மட்டும் அவசரச் சான்று கொடுக்கும். அங்கே அதை அவுட்பாஸ் என்பார்கள். டிக்கெட்டுக்கு வழியே இல்லையென்றால், 2009இல் தொடங்கிய இந்தியச் சமூக நல நிதியிலிருந்து தூதரகம் உதவலாம். சட்ட உதவிக்கும் அதில் இடம் உண்டு. அந்த நிதியில் பணம் வாங்கித் தருகிறேன் என்று கமிஷன் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

எம்.பி. வேண்டவே வேண்டாமா என்றால், வேண்டும். உங்கள் தொகுதி எம்.பி.யின் அலுவலகத்துக்கு நீங்களே போங்கள். மதத் புகார் எண்ணை எழுதிய ஒரு பக்கக் கடிதத்தைக் கொடுத்து, வெளியுறவு அமைச்சருக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் போடச் சொல்லுங்கள். அதற்குக் கூட்டத்தொடர் வரை காத்திருக்க வேண்டாம், குலுக்கலும் கிடையாது. சென்னையில் உள்ள அயலகத் தமிழர் நலத் துறைக்கும் அதே கடிதத்தின் நகலை அனுப்புங்கள்.

அப்புறம் அந்த ஏஜென்ட். அவர் பெயர் 'இ-மைக்ரேட்' தளத்தில் பதிவு பெற்றவர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்றவரே 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். அதற்கு மேல் கொடுத்திருந்தால் வங்கிக் கணக்கு, ஜிபே, எதில் போனதோ அதன் நகலை எடுத்துவைத்துவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போங்கள். 'வழக்குப் போட டெல்லி அனுமதி வேண்டும்' என்று அங்கே திருப்பி அனுப்பப் பார்க்கலாம். 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு உண்டு, 27. ஆனால் பாதிக்கப்பட்டவரோ அவருடைய அப்பா, அம்மா, மனைவி, பிள்ளைகள், கூடப்பிறந்தவர்களோ புகார் கொடுத்தால் அந்த அனுமதி தேவையில்லை என்று அதே பிரிவு சொல்கிறது. நீங்கள் மனைவி. பிரிவின் அந்தப் பகுதியை அச்செடுத்துக் கையோடு கொண்டுபோங்கள். அந்தச் சட்டத்தில் இந்தக் குற்றத்துக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதமோ 2,000 ரூபாய் வரைதான். லட்சத்தில் வாங்குகிறவனுக்கு 2,000 ரூபாய் அபராதம்! மாற்றுவதற்கு 2019இலும் 2021இலும் வரைவு மசோதாக்கள் வந்தன, அவை சட்டமாகவில்லை. அதனால் காவல் நிலையத்தில் ஏமாற்றுக் குற்றத்தையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

இன்று இரவு கணவர் பேசும்போது இரண்டு விஷயம் கேட்டு வாங்குங்கள்: இக்காமாவின் இரண்டு பக்கப் படம், இருக்கும் இடத்தின் லொகேஷன். நாளைக் காலை புகார் போட்டுவிடலாம்.