எந்த மில்லுல வேலை பார்த்தாரு தாத்தா?

இந்த தடவை கேள்விங்க முக்கால்வாசி இங்கிலாந்து ஓல்டம் பக்கத்துல இருந்துதான். போன மாசம் லங்காஷயர் பழைய மில்லு ஊருங்களைப் பத்தி ஏதோ நாலு வரி எழுதினேன், அதுக்கு இவ்ளோ லெட்டர் வரும்னு நினைக்கவே இல்ல. ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் சேர்த்துட்டேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, நான் ஓல்டம்ல நர்ஸா இருக்கேன். பக்கத்து வீட்டுல 82 வயசு பாட்டி தனியா இருக்காங்க. அவங்க அப்பாவோட அப்பா ஏதோ காட்டன் மில்லுல வேலை பார்த்தாராம், பேரு ஜேம்ஸ் ஸ்கோஃபீல்டாம், அதுக்கு மேல ஒண்ணும் தெரியல. கண்ணை மூடறதுக்குள்ள எந்த மில்லுன்னு தெரிஞ்சுக்கணும்ங்கறாங்க. நெட்ல தேடினா நூத்துக்கணக்குல ஜேம்ஸ் ஸ்கோஃபீல்ட் வருது, என்ன பண்றது?

பதில்: வரத்தானே செய்யும் தங்கச்சி, அந்தப் பக்கம் தெருவுக்கு நாலு ஸ்கோஃபீல்ட். தாத்தா பேரை வச்சு தேடறதை இன்னையோட நிறுத்துங்க, பாட்டிகிட்ட இருந்து ஆரம்பிங்க. அவங்க பர்த் சர்டிஃபிகேட்ல அப்பா பேரும் அம்மாவோட பிறந்த வீட்டு சர்நேமும் இருக்கும். அந்த ரெண்டு பேரை வச்சு அவங்க கல்யாண சர்டிஃபிகேட்டை வாங்குங்க, அதுல மாப்பிள்ளையோட அப்பா பேரும் அவர் தொழிலும் இருக்கும், பொண்ணோட அப்பாவுக்கும் அப்படியே. அப்பாக்கள் மட்டும்தான். கல்யாண ரிஜிஸ்டர்ல அம்மா பேரையும் எழுத ஆரம்பிச்சதே 2021 மே மாசத்துலதான், இந்த ஊரைப் போய் நாம முன்னேறின ஊருங்கறோம்! இப்ப உங்க கையில பேரோட தொழிலும் வந்தாச்சு, நூறு ஜேம்ஸ் பத்து ஜேம்ஸ் ஆயிடுவாங்க. அடுத்து பாட்டியோட அப்பா பிறந்த பதிவு. பிறப்பு, இறப்பு பதிவுகளை வச்சிருக்கற ஜெனரல் ரிஜிஸ்டர் ஆஃபீஸோட ஆன்லைன் இண்டெக்ஸ்ல 1837ல இருந்தே குழந்தையோட அம்மாவோட பழைய சர்நேம் போட்டிருக்காங்க, அக்கவுண்ட் ஓப்பன் பண்ணா தேடறதுக்கு காசு இல்ல. பேப்பர் சர்டிஃபிகேட்டை விட ரொம்ப கம்மி விலையில டிஜிட்டல் இமேஜும் தர்றாங்க, சும்மா பாக்கறதுக்கு அது போதும், அவசரப்பட்டு பேப்பரா வாங்கி காசை கரைக்காதீங்க.

இனிதான் மில்லு. அதுக்கு ஒரே இடம் 1921 சென்சஸ். அதுக்கு முந்தின சென்சஸ்ல எல்லாம் தொழில்தான் கேட்டாங்க, 1921லதான் முதலாளி யாரு, வேலை பாக்கற இடம் எதுன்னு கட்டம் கட்டி கேட்டாங்க. அந்த வருஷம் காட்டன் தொழிலே படுத்துக் கிடந்துச்சு, பாதி வீட்டுல வேலை இல்லைன்னு எழுதியிருக்கும், ஆனா வேலை இல்லாதவங்களும் கடைசியா பார்த்த முதலாளி பேரை எழுதணும்னு ரூல். 100 வருஷம் பூட்டி வச்சிருந்து 2022 ஜனவரியில வெளிய விட்டாங்க, மான்செஸ்டர் சென்ட்ரல் லைப்ரரியில அப்பவே காசில்லாம பாக்க விட்டாங்க, முதல்ல அங்க போய் விசாரிங்க. அடுத்த சென்சஸ்ல பாக்கலாம்னா முடியாது, 1931 பேப்பர் மொத்தமும் 1942 டிசம்பர்ல தீயில போச்சு, 1941ல சண்டை நடந்ததால எடுக்கவே இல்ல. நடுவுல கையில இருக்கறது 1939 செப்டம்பர் 29 அன்னிக்கு ஊரு மக்களைக் கணக்கெடுத்த ரிஜிஸ்டர் ஒண்ணுதான். அதையே பின்னாடி என்ஹெச்எஸ், அதாவது அரசு மருத்துவ சேவை, உபயோகிச்சதால, கல்யாணமான பொண்ணுங்க பேருக்கு மேல புது சர்நேமை வேற மையில கிறுக்கி வச்சிருப்பாங்க. தொலைஞ்சு போன அத்தைகளை அதை வச்சுதான் நான் பிடிப்பேன்.

மில்லோட சம்பள புக்கு கிடைக்கும்னு மட்டும் நம்பி உக்காராதீங்க. மில்லை மூடினப்போ குப்பைக்குப் போனதுதான் ஜாஸ்தி.

கேள்வி: சென்சஸ்ல தொழிலுக்கு நேரா பீசர், மைண்டர், டேக்லர், ஸ்லாஷர்னு என்னென்னவோ இருக்கு. ஸ்லாஷர்னா என்ன, ரவுடியா?

பதில்: படிச்சுட்டு ரொம்ப நேரம் சிரிச்சேன். ஸ்லாஷர் பாவுக்கு, அதாவது தறியில நீளவாக்குல ஓடற நூலுக்கு, கஞ்சி போடற மிஷினை ஓட்டினவரு, பாவம். பீசர்னா மியூல்ங்கற நூல் நூக்கற மிஷின்ல அறுந்து போன நூலை ஓடி ஓடி இணைக்கற பையன், செருப்பில்லாம எண்ணெய் வழியற தரையில ஒரு நாளைக்கு எத்தனை மைல் நடந்திருப்பானோ. ஓல்டம்ல ஒரு ஜோடி மியூலுக்கு பொறுப்பான ஆளை மைண்டர்னு சொல்லுவாங்க, குழந்தை பாத்துக்கறவரு இல்ல. டேக்லர் தறியை ரிப்பேர் பண்றவரு, ரீச்சர்-இன் தறியோட விழுதுலயும் அச்சுலயும் நூலைக் கோக்கறவருக்கு பாவு இழையை ஒண்ணொண்ணா எடுத்து நீட்டற சின்ன பிள்ளை. நாக்கர்-அப்னு இருந்தா, விடியறதுக்கு முன்னாடி நீள குச்சியால ஜன்னலைத் தட்டி தெருவையே எழுப்பி விடற ஆளு, அது ஒரு தொழிலு!

இதெல்லாம் வெறும் பொது அறிவு இல்ல. ஓல்டம், போல்டன் பக்கம் நூல் நூக்கறதுதான் முக்கியம், பர்ன்லி, நெல்சன், பிளாக்பர்ன் பக்கம் தறி. அதனால ஓல்டம்ல இருக்கற ஒரு குடும்பத்துல அப்பா டேக்லர், பொண்ணுங்க எல்லாம் நெசவுன்னு இருந்தா, வடக்க இருந்து வந்த குடும்பமான்னு ஒரு தடவை பிறந்த ஊரு கட்டத்தைப் பாருங்க. நான் ஒரு குடும்பத்தை ரெண்டு வருஷமா தப்பான ஊருல தேடிட்டு இருந்தேன், கடைசில காட்டிக் குடுத்தது அந்த ஒத்தை வார்த்தைதான்.

கேள்வி: ஒரே ஆளு 1841ல 35 வயசு, 1851ல 48 வயசு. பத்து வருஷத்துல பதிமூணு வயசு ஏறுமா? அதே வீட்டுல 1861ல இருந்த குடும்பம் 1871ல யார்க்ஷயர்ல இருக்கு, அதுவும் ஏன்னு தெரியல.

பதில்: ஏறும் தம்பி. 1841ல 15 வயசுக்கு மேல இருந்தவங்க வயசை அஞ்சு அஞ்சா கீழ இறக்கி எழுதச் சொல்லியிருந்தாங்க, அதனால 38ன்னா 35ன்னு போட்டிருப்பாங்க, உங்க ஆளு சரியாதான் வளர்ந்திருக்காரு. அந்த வருஷம் உறவுமுறையும் கேக்கல, ஒரே வீட்டுல இருக்கறதால மனைவின்னு நினைச்சுடாதீங்க, தங்கச்சியா இருக்கலாம். உறவும் பிறந்த ஊரும் 1851ல இருந்துதான். ஆனா சின்ன பசங்க வயசு வேற கதை, 1833 சட்டம் ஒன்பது வயசுக்குக் கீழ இருக்கறவங்களை காட்டன் மில்லுல சேர்க்கக் கூடாதுன்னு சொன்னதும் எட்டு வயசு பசங்க எல்லாம் ராத்திரியோட ராத்திரியா ஒன்பது ஆயிட்டாங்க. ஞானஸ்நான ரிஜிஸ்டரைப் பாக்காம வயசை நம்பாதீங்க. பின்னாடி ஹாஃப்-டைமர்னு வரும், காலையில மில்லு மத்தியானம் ஸ்கூலு, அடுத்த வாரம் மாத்தி. 1918 கல்விச் சட்டம்தான் அதுக்கு முடிவு கட்டிச்சு.

குடும்பம் இடம் மாறினதுக்கு 1861ல இருந்து 1865 வரைக்கும் நடந்ததைப் பாருங்க. அமெரிக்க உள்நாட்டுப் போர்ல தெற்கு துறைமுகங்களை அடைச்சதும் பஞ்சு வரல, மில்லுங்க வரிசையா நின்னு போச்சு. சூரத் பஞ்சு கொண்டு வந்தாங்க, இழை குட்டை, நிமிஷத்துக்கு ஒரு தரம் அறுந்துச்சு, நெசவாளிங்க அந்தப் பேரையே திட்டு வார்த்தையா ஆக்கிட்டாங்க. வேலை இல்லாதவங்களுக்கு ரோடு, பார்க்னு வேலை குடுத்தாங்க, நீங்க பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போற ஓல்டம் அலெக்சாண்ட்ரா பார்க் அப்படி உருவானதுதான், 1865ல திறந்தாங்க. பக்கத்து யார்க்ஷயர்ல கம்பளி மில்லுங்களுக்கு அப்ப நல்ல கிராக்கி, மலையைத் தாண்டினா வேலைன்னு குடும்பம் குடும்பமா போனாங்க.

கேள்வி: சாடில்வொர்த் செயின்ட் சாட்ஸ் சர்ச் கல்லறையில வில்லியம் பிராட்பரின்னு ஒரு கல்லைப் பார்த்தேன், கூட வந்தவர் அவரை 'பில் ஓ ஜாக்ஸ்'னு சொன்னாரு. எது உண்மையான பேரு?

பதில்: ரெண்டும். ஜாக்கோட மகன் பில், அவ்ளோதான். அவர் மகன் டாம், அவனை 'டாம் ஓ பில்ஸ்'னு கூப்பிட்டாங்க. நம்ம இனிஷியல் கணக்கேதான், நாம முன்னாடி போடறதை அவங்க பின்னாடி போட்டுக்கிட்டாங்க. ஊரு பூரா ஒரே சர்நேமா இருந்தா வேற என்ன வழி. 1832 ஏப்ரல்ல அவங்க நடத்தின மதுக்கடையிலயே 84 வயசு அப்பாவையும் 46 வயசு மகனையும் யாரோ அடிச்சுக் கொன்னுட்டாங்க, இன்னிக்கு வரைக்கும் யாருன்னு தெரியல. உங்களுக்கு இதுல உபயோகமானது என்னன்னா, பழைய பேப்பர், கணக்கு புக்கு, கோர்ட் நோட்டீஸ்ல உங்க ஆளு பட்டப்பேர்ல மட்டும் இருக்கலாம், அதனால அப்பா பேரு தாத்தா பேரு ரெண்டையும் ஒரு துண்டு சீட்டுல எழுதி கையில வச்சுக்கோங்க. இன்னொண்ணு, சாடில்வொர்த் இப்ப ஓல்டம் கவுன்சில்ல இருந்தாலும் 1974 வரைக்கும் யார்க்ஷயர். லங்காஷயர் லிஸ்ட்ல தேடிட்டு இல்லைன்னு அழாதீங்க.

கேள்வி: நாங்க வாங்கின வீடு செங்கல் டெரஸ் வீடு (தெரு நெடுக ஒட்டி ஒட்டி வரிசையா கட்டினது), 1890 வாக்குல கட்டினதா ஏஜென்ட் சொன்னாரு. யாரு இருந்தாங்கன்னு தெரிஞ்சுக்க முடியுமா?

பதில்: முடியும், ஆனா வீட்டு நம்பரை நம்பாதீங்க, தெருவுக்கே நம்பர் மாத்தியிருப்பாங்க. மூலையில இருக்கற பப் இல்லன்னா சேப்பலைப் பிடிச்சுக்கோங்க, சென்சஸ் எடுத்தவரு தெருவுல நடந்தே போனாரு, பப்புல இருந்து எத்தனாவது வீடுன்னு எண்ணினா போதும். ஸ்காட்லாந்து நேஷனல் லைப்ரரி சைட்ல பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே (அரசு சர்வே) மேப் காசில்லாம இருக்கு. வீட்டு ஓனர் யாரு குடியிருந்தது யாருன்னு 1910 வேல்யுவேஷன் சர்வே நோட்டுல இருக்கும், அது லண்டன்ல கியூங்கற இடத்துல இருக்கற நேஷனல் ஆர்க்கைவ்ஸ்ல. அந்தக் காலத்து ஊர் டைரக்டரியில (பேரும் அட்ரஸும் போட்ட புக்கு) தேடாதீங்க, கடைக்காரங்களும் கொஞ்சம் வசதியானவங்களும்தான் அதுல இருப்பாங்க, மில்லு ஆளுங்களை பெரும்பாலும் சேர்க்க மாட்டாங்க.

கேள்வி: அக்கா, என் மாமனார் 1965ல மெட்ராஸ்ல இருந்து வந்து இங்க மில்லுல நைட் ஷிஃப்ட் பார்த்தாரு. இப்ப மறதி ஜாஸ்தி. அவரைப் பத்தி ரெக்கார்டு ஏதாவது கிடைக்குமா? கப்பல் லிஸ்ட்ல பேர் இல்ல.

பதில்: அந்த கப்பல் லிஸ்ட் 1960ஓட நின்னுடுது, அதனால அவர் பேர் அதுல இருக்கவே இருக்காது, நேரத்தை வீணாக்காதீங்க. 1962 குடியேற்றச் சட்டத்துக்கு அப்புறம் வேலைக்கு வந்தவங்களுக்கு லேபர் வவுச்சர்னு ஒரு அனுமதிச் சீட்டு குடுத்தாங்க, வீட்டு ட்ரங்க் பெட்டியில பழைய பாஸ்போர்ட் கூட சொருகி இருக்கான்னு பாருங்க. அடுத்து லைப்ரரியில ஓட்டர் லிஸ்ட். இந்தியா மாதிரி காமன்வெல்த் நாட்டு ஆளுங்களுக்கு வந்ததுமே ஓட்டு உண்டு, 21 வயசு ஆயிருந்து வீட்டுக்காரர் ஃபார்ம்ல பேர் எழுதியிருந்தா வருஷா வருஷம் எந்த அட்ரஸ்ல இருந்தாரு, கூட யார் யாரு தங்கினாங்கன்னு வரிசையா வரும். ஒரே வீட்டுல எட்டு பேர் இருப்பாங்க, அந்தப் பேரை எல்லாம் மாமனார்கிட்ட மெதுவா படிச்சுக் காட்டுங்க. ஃபோன்ல ரெக்கார்டை ஆன் பண்ணிட்டு, மில்லு பேரு என்னன்னு மட்டும் முதல்ல கேக்காதீங்க, தெரியலன்னா கோவம் வந்துடும். ராத்திரி எந்த ஸ்டாப்ல பஸ் ஏறினீங்க, எங்க இறங்கினீங்க, இறங்கினதும் எந்தப் பக்கம் திரும்பினீங்கன்னு கேளுங்க, அந்த வருஷத்து மேப்பை முன்னாடி விரிச்சு வச்சுக்கிட்டு.