பழைய லேப்டாப் வாங்கும்போது கடைக்காரர் சொல்லும் கான்ஃபிகரேஷன் உண்மைதானா என்று எப்படிப் பார்ப்பது?

பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும். அதில்தான் நான் ஏமாந்தேன்.

2022இல் அக்கா மகள் காலேஜ் சேர்ந்தபோது ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கிக் கொடுத்தேன். "ஐ7 சார், 16 ஜிபி ராம், 1 டிபி டிஸ்க், கம்பெனி யூஸ் பண்ணது" என்றார் கடைக்காரர். 23,000 ரூபாய். மூன்றாம் நாளே போன் வந்தது: "மாமா, ஆன் பண்ணிட்டுப் போய் பல் விளக்கிட்டு வந்தாலும் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்தேன். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதி. சிபியு (லேப்டாப்பின் மூளையான இன்டெல் பிராசஸர்): ஐ7-6600யு, கோர் (அதற்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) 2. ராம்: 16 ஜிபி, சரி. டிஸ்க் கிராஃப் 100 சதவீதத்தில் அசையாமல் நின்றது, வகை எச்டிடி, அதாவது உள்ளே தட்டு சுழலும் பழைய, மெதுவான ரகம். கடைக்காரர் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை. கேட்க வேண்டியதை நான்தான் கேட்கவில்லை.

ஐ7 என்பதை விட்டுவிட்டு அதற்குப் பின்னால் வரும் எண்ணைப் படியுங்கள். 6600 என்றால் ஆறாம் தலைமுறை. கடைசியில் வரும் 'யு' மின்சாரம் குறைவாக எடுக்கும் ரகம். அந்தத் தலைமுறையில் 'யு' ரக ஐ7-க்கும் இரண்டே கோர்தான். 2017இல் வந்த ஐ5-8250யு-வில் நான்கு கோர். ஆக, ஷோகேஸில் அடுத்ததாக எட்டாம் தலைமுறை ஐ5 இருந்திருந்தால் அதுதான் நல்ல மெஷின். 1035, 1135, 1235 என்று வந்தால் முதல் இரண்டு இலக்கத்தைத் தலைமுறையாக எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் கேட்பது ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான் என்பதால் அதற்குக் கீழே இப்போது வாங்கவே வேண்டாம் என்பேன்.

டாஸ்க் மேனேஜரிலேயே மெமரியைத் தொட்டால் எத்தனை ஸ்லாட்டில் ராம் இருக்கிறது என்று தெரியும். ஒரே 8 ஜிபியைவிட இரண்டு 4 ஜிபி நல்லது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷின்களில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

டிஸ்கின் நிலையைப் பார்க்க கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருள். இலவசம். பென் டிரைவில் போட்டுக்கொண்டு போங்கள். ஓடிய மணிநேரம் 20,000 என்று காட்டினால், இரண்டேகால் வருஷம் அணைக்காமல் ஓடியதற்குச் சமம்.

   

கடைக்காரர் முகம் சுளித்தாலும் ஒரு சோதனையை விடாதீர்கள். சினிபெஞ்ச் ஆர்23 என்ற பிராசஸர் சோதனை மென்பொருளை ஓடவிட்டால் பத்து நிமிஷம் எல்லா கோரையும் பிழிந்தெடுக்கும். சார்ஜர் சொருகியிருக்கட்டும், பக்கத்தில் டாஸ்க் மேனேஜரில் வேகத்தைப் பாருங்கள். 8250யு என்றால் ஆரம்பத்தில் 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் எகிறும், கொஞ்ச நேரத்தில் இறங்கி ஒரு இடத்தில் நிற்கும். அது இயல்பு. அடிப்படை வேகமான 1.6-க்கும் கீழே போய் 0.9 என்று தவழ்ந்தால் எங்கோ கோளாறு. ஃபேனில் தூசி அடைத்திருக்கும், தெர்மல் பேஸ்ட் (சிப்பின் சூட்டைக் கடத்தும் பசை) காய்ந்திருக்கும், இல்லையென்றால் சார்ஜர் வேறு. தன் சார்ஜர் இல்லை என்று தெரிந்தாலே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் மாடல்கள் உண்டு.

பேட்டரிக்கு, கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, சாய்கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்று சேர்த்து அடியுங்கள். ஒரு ஃபைல் உருவாகும். டிசைன் கெபாசிட்டி 50,000, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி 27,000 என்று இருந்தால் பாதிதான் மிச்சம். மாற்றுச் செலவைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். பேட்டரி சிப்பை ரீசெட் செய்திருந்தால் இந்த எண்ணும் ஏமாற்றும், அதனால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு இருபது நிமிஷம் யூடியூப் ஓட்டியும் பாருங்கள்.

அந்த ஐ7-ஐ நான் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒரு எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) வாங்கி மாட்டியதும் அரை நிமிஷத்துக்குள் திறந்தது, அவள் டிகிரியை முடித்தாள். 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றதும் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டேன். இப்போது அக்கா அதில் கரண்ட் பில் கட்டுகிறாள்.