தியானத்தில் நேரமும் நினைவும்: கடலோரத்துக் கேள்விகளுக்குப் பதில்கள்

இராமநாதபுரம் கடலோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. நான் கல்லூரியில் உளவியல் நடத்தியவள், அதற்கும் முன்பிருந்தே தியானத்தில் உட்காருகிறவள். இரண்டையும் வைத்துத்தான் பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

மண்டபத்திலிருந்து, ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்: டீச்சர், காலையில் கண்ணை மூடி உட்கார்ந்தால் சில நாள் ஐந்து நிமிடம் போலத் தெரிகிறது, கடிகாரத்தில் முக்கால் மணி ஓடியிருக்கிறது. சில நாள் பத்து நிமிடம்கூட நகர மாட்டேன் என்கிறது. முதல் வகைதானே நல்ல தியானம்?

அப்படிச் சொல்லிவிட முடியாது ஐயா. பார்க்கக் கண், கேட்கக் காது என்பதுபோல நேரத்தை உணர நமக்குத் தனி உறுப்பு கிடையாது. கவனம், உடல் சூடு, பசி, மனநிலை எல்லாவற்றையும் கூட்டித்தான் மூளை ஒரு கணக்குப் போடுகிறது. “எப்போது முடியும்?” என்று நேரத்தின் மேலேயே கவனம் இருந்தால் நேரம் நீளும். கவனம் மூச்சிலோ மந்திரத்திலோ முழுக்கப் போய்விட்டால் நேரத்தைக் கணக்குப் பார்க்க ஆளே இல்லை, அதனால் சுருங்கிவிடும்.

ஆனால் அரைத் தூக்கத்திலும் இதேதான் நடக்கும். எழுந்ததும் தலை கனத்து, மந்தமாக இருந்தால் அது தூக்கம். தெளிவாக, லேசாக இருந்தால் தியானம். முட்டி வலியோடு விழிப்பாக உட்கார்ந்திருந்த அந்தப் பத்து நிமிடம், சொக்கிப்போன முக்கால் மணியைவிட மேல் என்பது என் கருத்து.

பாம்பனிலிருந்து, விசைப்படகில் போகிறவர்: அக்கா, மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் சும்மா கிடக்கும்போது ஒரு பகல் போவதே பெரும்பாடு. ஆனால் முடிந்தபின் திரும்பிப் பார்த்தால் ரெண்டு மாசமும் ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு. கடலில் காற்று மாறின ஒரே ஒரு ராத்திரி மட்டும் ஒரு மாசம் மாதிரி நினைவில் நிக்குது. இது ஏன்? தியானம் பண்ணினால் மாறுமா?

வந்த கேள்விகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான் தம்பி. நேரத்தை நாம் இரண்டு விதமாக அளக்கிறோம். போய்க்கொண்டிருக்கும்போது அளப்பது ஒன்று, போனபின் நினைவை வைத்து அளப்பது இன்னொன்று. இரண்டும் பெரும்பாலும் எதிரெதிராகவே இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை உள்ள 61 நாளில் ஒவ்வொரு பகலும் ஒரே மாதிரி. கடக்கும்போது நீளம், ஆனால் மனம் எடுத்து வைத்துக்கொள்ளப் புதிதாக எதுவும் இல்லை. அதனால் பிறகு சுருங்கிவிடுகிறது. வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் இதை 1890-லேயே எழுதிவிட்டார்.

காற்று மாறின ராத்திரி நேர்மாறு. டேவிட் ஈகிள்மேன் என்ற மூளை ஆய்வாளரின் குழுவினர் 2007-ல் வெளியிட்ட சோதனையில், 31 மீட்டர் உயரத்திலிருந்து ஆட்களைக் கீழே விரித்த வலையில் விழவைத்தார்கள். தாங்கள் விழுந்த நேரத்தை மற்றவர் விழுந்ததைவிடச் சராசரியாக 36 சதவீதம் கூடுதலாக அவர்கள் மதிப்பிட்டார்கள். ஆனால் விழும்போது கையில் கட்டியிருந்த கருவியில் வேகமாக மாறிய எண்களை வழக்கத்தைவிட நன்றாக அவர்களால் படிக்க முடியவில்லை. அதாவது அந்த நொடியில் உலகம் மெதுவாக ஓடவில்லை. பயத்தில் நினைவு அடர்த்தியாகப் பதிந்தது, பிறகு அது நீளமாகத் தெரிந்தது.

தியானத்தால் மாறுமா என்றால், என் அனுபவத்தில் மாறும். புயல் வந்தால்தான் விழிப்பது என்றிருக்கும் மனம், சாதாரணப் பகலிலும் கொஞ்சம் விழித்துக்கொள்கிறது. வலை பின்னும்போது கையில் நூல் ஓடுவது, மகள் கேட்ட ஒரு கேள்வி, மதியச் சோறு, இவையும் பதியத் தொடங்கும். தடைக்காலத்தில் ஒன்று செய்து பாருங்கள். படுக்கப் போகுமுன் அன்றைய நாளைக் கடைசியிலிருந்து காலை வரை பின்னோக்கி நினைத்துப் பாருங்கள். முதலில் ஒன்றும் வராது. போகப்போக வரும்.

உச்சிப்புளியிலிருந்து: முருக பக்தரான பாம்பன் சுவாமிகள் பிரப்பன்வலசையில் 35 நாள் குழிக்குள் தவம் இருந்தாரே, அவருக்கு நாள் கணக்குத் தெரிந்திருக்குமா?

1894-ல் பிரப்பன்வலசை மயானத்தில் குழி வெட்டி அதற்குள் சுவாமிகள் தவமிருந்தார், சித்ரா பௌர்ணமியன்று வெளியே வந்தார் என்பது அவருடைய வரலாறு. உள்ளே அவருக்கு நேரம் என்னவாக இருந்தது என்பதை நான் ஊகித்துச் சொல்லக் கூடாது. ஆனால் நாள் கணக்குத் தவறுவது மட்டும் ஆன்மிகத்துக்கு அடையாளம் ஆகாது என்பதைச் சொல்ல வேண்டும். மிஷேல் சிஃப்ர் என்ற பிரெஞ்சுக்காரர் 1962 ஜூலையில் ஆல்ப்ஸ் மலைக் குகைக்குள் கடிகாரம் இல்லாமல் தனியாக இருந்தார். மேலே வரச்சொன்னபோது ஆகஸ்ட் 20 என்றே நினைத்திருந்தார். வெளியே செப்டம்பர் 14. அவர் தவம் செய்யப் போனவரல்ல, நிலத்தடியை ஆராயும் நிலவியலாளர். சூரியனும் மனிதப் பேச்சும் இல்லாவிட்டால் யாருக்கும் கணக்குத் தவறும்.

சுவாமிகளிடம் நான் வணங்குவது வேறு. 6,666 பாடல்கள் தந்திருக்கிறார். குழியிலிருந்து வந்தபின் 35 ஆண்டு, 1929-ல் சமாதி அடையும்வரை, எப்படி வாழ்ந்தார் என்று பாருங்கள்.

கீழக்கரையிலிருந்து, ஒரு குடும்பத்தலைவி: ராத்திரி திக்ரில் (இறைவன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வதில்) உட்கார்ந்தால் மவுத்தான (இறந்துபோன) வாப்பா முகமும், சின்ன வயசில் நடந்ததும் பொங்கி வருகிறது. அழுகை அடங்க நேரமாகிறது. நான் பின்னுக்குப் போகிறேனா அக்கா?

இல்லை தங்கச்சி. பகல் முழுக்க வேலையால் மூடி வைத்தது, வெளிச்சத்தம் அடங்கியதும் மேலே வருகிறது. எந்த மதத்து வழியில் உட்கார்ந்தாலும் இது வரும். அழுகையை நிறுத்தப் பார்க்காதீர்கள், கூப்பிட்டு வரவழைக்கவும் வேண்டாம். வந்தால் வரட்டும், நாவில் திக்ரு ஓடட்டும்.

ஒரு நினைவை மேலே எடுக்கும்போது அது கொஞ்ச நேரம் இளகிய நிலையில் இருக்கிறது, பிறகு திரும்பப் பதிகிறது. 2000-ல் எலிகளை வைத்து இதைக் காட்டினார்கள். மனிதரிடம் இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்ற ஆய்வு இன்னும் நடக்கிறது. ஆனாலும் அமைதியான உடலோடு நினைக்கப்பட்ட துக்கம், நாள்பட அமைதியோடு சேர்ந்து வருவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

துக்கம் வேறு, திகில் வேறு. பழைய கொடுமை ஏதாவது அப்படியே திரும்ப நடப்பதுபோல வந்து உடம்பு நடுங்கினால், உடனே கண்ணைத் திறந்து எழுந்து நடங்கள், யாரிடமாவது பேசுங்கள். தியானம் செய்கிறவர்கள் சிலருக்கு நேர உணர்வு குலைவதும் பழைய அதிர்ச்சி கிளம்புவதும் உண்டு என்று 2017-ல் விரிவான ஆய்வே வந்திருக்கிறது. அப்படியானால் உட்காரும் நேரத்தைக் குறைக்க வேண்டும், கூட்ட வேண்டாம்.

தங்கச்சிமடத்திலிருந்து, கல்லூரி மாணவர்: தியானத்தில் தனுஷ்கோடி புயலில் நான் மூழ்குவதுபோலக் காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. ரொம்பத் துல்லியமாக இருக்கிறது. முற்பிறவி நினைவா?

தம்பி, 1964 டிசம்பர் 22 இரவைப் பற்றிக் கேட்காமல் நம் தீவில் யாரும் வளர்வதில்லை. அலை கொண்டுபோன ரயில், இடிந்து நிற்கும் சர்ச் சுவர், பாட்டி சொன்னது எல்லாம் உங்களுக்குள் இருக்கிறது. மனம் அவற்றிலிருந்து ஒரு முழுக் காட்சியைக் கட்டிவிடும். எலிசபெத் லாஃப்டஸ் என்ற உளவியல் அறிஞர் 1995-ல் வெளியிட்ட சோதனையில், சிறுவயதில் கடைத்தெருவில் தொலைந்துபோனதாக ஒரு பொய்க் கதையைச் சொன்னதும் சுமார் கால்வாசிப் பேர் அதை முழுதாகவோ பாதியாகவோ தங்கள் நினைவாகவே சொன்னார்கள். துல்லியமாக இருப்பது உண்மைக்குச் சாட்சி ஆகாது.

முற்பிறவி கிடையாது என்று நான் வாதாட வரவில்லை. யோக மரபு அதைப் பேசுகிறது. ஆனால் அந்த மரபின் யோக சூத்திரத்தைத் தந்த பதஞ்சலியே, இப்படி வரும் சித்திகள் (அபூர்வ ஆற்றல்கள்) சமாதி என்ற ஆழ்ந்த தியான நிலைக்குத் தடை என்றும் சொல்லிவிட்டார். காட்சி வந்தால் மூச்சுக்குத் திரும்புங்கள். இன்னொன்று: இதைத் தெருவில் சொல்லிக்கொண்டு திரியாதீர்கள். அந்த ராத்திரியில் அப்பா அம்மாவைப் பறிகொடுத்தவர்கள் இன்னும் நம் ஊரில் இருக்கிறார்கள்.

தேவிபட்டினத்திலிருந்து: என் கணவர் தியானத்தில் இறங்கியபின் பிள்ளை ஃபீஸ் கட்ட மறக்கிறார், வண்டிச் சாவியை மறக்கிறார். போன மாதம் தெரிந்த ரோட்டிலேயே வழி தெரியாமல் சுற்றிவிட்டு வந்தார். கேட்டால் “நான் நிகழ்காலத்தில் வாழ்கிறேன்” என்கிறார்.

அம்மா, முதல் இரண்டுக்கும் அவரிடம் சண்டை போடலாம். மூன்றாவதுக்கு டாக்டரிடம் போக வேண்டும், இந்த வாரமே. தெரிந்த வழி மறப்பது எந்தத் தியானப் பயிற்சியின் பலனும் இல்லை. பி12 குறைவு, தைராய்டு, சர்க்கரை தாழ்வது, தூக்கமின்மை, வலிப்பின் ஒரு வகை என்று எத்தனையோ காரணம் இருக்கலாம், பலவற்றுக்கு மருந்து இருக்கிறது.

ரமணரைப் பாருங்கள். நம் பக்கத்துத் திருச்சுழியில் பிறந்தவர். 1896-ல் திருவண்ணாமலைக் கோயிலின் நிலவறையான பாதாள லிங்கத்தில் பூச்சி கடித்துப் புண்ணானதுகூடத் தெரியாமல் இருந்தார். அதே ரமணர் பல பத்தாண்டுகள் கழித்து மதுரை வீட்டில் நடந்ததை அன்பர்களிடம் தெளிவாகச் சொன்னார், ஆசிரமச் சமையலறையில் காய் நறுக்கினார். அவரிடம் நினைவு அழியவில்லை. “இது என் கதை” என்ற பிடிதான் போயிருந்தது.

நோயை அருள் என்றோ, சாபம் என்றோ நினைத்து மருத்துவத்தைத் தள்ளிப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாவட்டம் 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் விலை கொடுத்தது. மனநலக் காப்பகம் என்ற பெயரில் நடந்த கொட்டகையில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் போனார்கள். பிரார்த்தனை செய்யுங்கள், கூடவே மருத்துவமும் பாருங்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416 என்ற இலவச மனநல எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

தொண்டியிலிருந்து: புகுந்த வீட்டில் பட்ட அவமானங்கள் இருபது வருடமாகியும் போகவில்லை. தியானத்தில் முன்னேறினால் மறந்துவிடுமா?

மறக்காது. மறக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பே உங்களை அலைக்கழிக்கும். நடந்தது நினைவில் இருக்கும், ஆனால் நினைத்ததும் நெஞ்சு படபடப்பது குறையும். அடுப்படியில் நிற்கும்போது அந்தப் பேச்சு நினைவுக்கு வந்து, பால் பொங்குவதற்குள் தானே போய்விட்டால், நீங்கள் வெகுதூரம் வந்துவிட்டீர்கள். இன்னொரு பக்கம், அந்த வீட்டில் அவமானம் இன்றும் தொடர்கிறது என்றால் தியானத்தால் அதைப் பொறுத்துக்கொள்ளப் பழகாதீர்கள். அதைப் பேசித் தீர்க்க வேண்டும்.

சாயல்குடியிலிருந்து: தியானத்துக்கு அலாரம் வைக்கலாமா?

தாராளமாக. எப்போது முடியும் என்ற கவலையை அலாரத்திடம் விட்டுவிடலாம். மெதுவான ஒலியாக வையுங்கள், போன் பக்கத்து அறையில் இருக்கட்டும். அடித்ததும் துள்ளி எழாமல் ஒரு நிமிடம் அப்படியே இருந்துவிட்டு எழுங்கள்.